மூன்று அங்குலம்

லீசிங் கம்பனிக்காரர் கழுத்துப்பட்டியோடு
கிரான் சந்தியில் இறங்கி
சேறு பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.
கையில் படம் போட்ட தாள்:
மூன்று அங்குல டீசல் பம்,
சில்லுப் பூட்டிய சட்டம்,
நாற்பத்தெட்டு மாதம்.
"அரை மணித்தியாலத்துக்கு ஒரு கிணறு அக்கா.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு."

பன்னிரண்டு என்ற சொல் இனிப்பாகத்தான் இருந்தது.
வெள்ளம் வடிந்து நாலாம் நாள்.
என் கொப்பியில் அறுபத்தொரு பெயர்,
ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும்
வாய் வைக்க முடியாத ஒரு கிணறு.

கொப்பியென்றால் எண்பது பக்கக் கொப்பி.
போன வருஷம் மச்சாளின் மகன்
போனில் ஒன்றை ஏற்றித் தந்தான்,
வேலைகளை அதுவே அடுக்குமாம்.
அது வீட்டு இலக்கம் கேட்டது.
"பழைய மில்லுக்குப் பின்னால், மாட்டுப்பட்டி தாண்டி, நீல டாங்கி"
என்று எழுதினால் சிவப்பாய் முறைத்தது.
ஈர விரலுக்குத் திரை அசையவில்லை.
எங்கள் தொழிலில் விரல்
எப்போது காய்ந்திருக்கிறது?

ஆகவே பென்சில்.
நனைந்தால் பேனை அழும், பென்சில் அழாது.
இரவில் மட்டும்
அன்றைய பக்கத்தைப் படமெடுத்து
சப்ரீனுக்கு அனுப்பிவிடுவேன்.
கொப்பி ஆற்றோடு போனாலும்
கடன் போகக் கூடாதல்லவா.

லீசிங்காரர் கதிரை நுனியில் இருந்தார்.
அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

போன மாரியில் செங்கலடியில்
மூன்று அங்குலம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.
சந்திவெளி, அன்னபாக்கியத்தின் வளவு.
இருபது நிமிடத்தில் அடி தெரிந்தது.
கைதட்டாத குறை.
மறுகா ஒரு சத்தம்,
நித்திரையில் யாரோ பல் கடிப்பது போல.
மூன்றாம் வளையம் விலகி
பின்னால் நின்ற மணல் முழுக்க உள்ளே வந்தது.
ஊறிய நிலம் வெளியே நின்று
கிணற்றைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது;
உள்ளே கிடந்த அந்த நாறல் தண்ணீர்தான்
முட்டுக் கொடுத்திருக்கிறது.
தண்ணீர் போன பிறகு அறிந்தோம்.

புவிராஜ் ஏணியில் கால் வைக்கவிருந்தவன்.
பீடி பற்ற வைக்க ஒரு கணம் நின்றான்.
அதனால் இன்றைக்கும் பீடி குடிக்கிறான்,
நான் ஏசுவதில்லை.

ஐந்து வளையமும் கூலியும் எங்கள் கணக்கில்.
அன்னபாக்கியம் ஒரு சொல் சொல்லவில்லை.
தேத்தண்ணி தந்தாள்,
அயல் வளவில் அள்ளி வந்த தண்ணீரில்.
அது இறங்கிய விதம் தொண்டைக்குத் தெரியும்.

இப்போது எங்களிடம் இருப்பது
இரண்டு அங்குலப் பெற்றோல் பம்.
சப்ரீனின் ஓட்டோவில்
பின் சீற்றுக்கும் காலுக்கும் இடையில் அடங்கும்.
பழுதானால் ஏறாவூரில் சாமான் உண்டு,
கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம்.
முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு:
இரண்டு முடிச்சு இறங்கியதும் நிறுத்து.
நிலம் மூச்சு விடட்டும்.
அந்த நேரத்தில் புவிராஜ்
தும்புத் தூரிகையால் பாசி உரசுவான்,
நான் குளோரீன் கரைப்பேன்,
சப்ரீன் அடுத்த வளவுக்குப் போய்
நாயைக் கட்டச் சொல்லிவிட்டு வருவான்.
மறுபடி இரண்டு முடிச்சு.
ஒரு நாளைக்கு நாலு கிணறு. மிஞ்சினால் ஐந்து.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றேன்.
தாளை விட்டுவிட்டுப் போனார்.
தடித்த தாள், மினுக்கம் பூசியது;
பம்மின் மூடிக்கு வளையமாய் வெட்டிப் போட்டேன்,
ஒழுக்கு நின்றது.

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்.
படுத்த பிறகு
பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கிறேன் சில இரவு.
மகளின் ரியூஷன், கூரைத் தகடு,
இரண்டாவது ஓட்டோ என்று
தொகை ஏறிக்கொண்டே போகிறது,
ஏறி ஏறி
அந்தப் பல் கடிக்கும் சத்தத்தில் வந்து நிற்கிறது.

போன் அடிக்கிறது.
"அக்கா, எங்கட கிணறு எப்ப?"
கொப்பியைப் புரட்டுகிறேன்.
வெள்ளிக்கிழமை, மனே.
அதுவரைக்கும் கொதிக்க வைத்துக் குடி.